இடது குதிகால்

அக்டோபர் 6, திங்கள்

பூஜை விடுமுறை முடிந்து எங்கள் சிகிச்சை மையம் மறுபடி நிரம்பிவிட்டது. காலையிலிருந்து கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு என்று ஆட்களை மாற்றி மாற்றி மதியம் சோறு பிசையக்கூடத் தெம்பில்லை. ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

மதியத்துக்கு மேல் புது ஆள் ஒருவர் வந்தார். பெயர் அர்த்தநாரி, திருச்செங்கோட்டுப் பக்கம். போர்வெல் லாரியில் வேலை. ஊர் ஊராகப் போய்க் குழாய்க் கிணறு போட்டவர். ஆகஸ்டில் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. ஆறடி உயரம், அதற்கேற்ற கனம். மனைவி பாவாயி அவருடைய மார்பு உயரம்தான் இருப்பார்.

"பிசியோ டாக்டருங்களா?" என்று கேட்டார் அர்த்தநாரி. வாய் கோணினாலும் பேச்சு தெளிவாக இருக்கிறது.

"இல்லைங்க. ஆக்குபேஷனல் தெரபி. நடக்கறதுக்கு அவங்க. குளிக்க, சாப்பிட, வேட்டி கட்ட, இந்த மாதிரி அன்றாட வேலைக்கெல்லாம் நான்."

"வேட்டி கட்டறதுக்கு ஒரு படிப்புங்களா?"

"நாலரை வருசம்."

பாதி முகத்தால் சிரித்தார். பாவாயி சிரிக்கவில்லை. என்னைத் தனியாக வராந்தாவுக்கு அழைத்துப் போனார்.

"மேடம், தீவாளிக்கு வூட்டுக்குப் போயிரோணும். நான் ஒத்தையா இவரத் தூக்கி உக்கார வைக்கப் பழகிட்டாத்தான் வூட்ல வெச்சுக்க முடியும். இல்லீன்னா எங்க கொழுந்தனாரு சேலத்துல ஒரு இல்லம் பாத்து வெச்சிருக்கறாரு. பணமெல்லாம் அவரே கட்டிடறாராம். அங்க போனா இந்த மனுசன் ஒரு மாசம் தாங்க மாட்டாருங்க."

பழகிவிடலாம் என்றேன். எல்லாரிடமும் அப்படித்தான் சொல்கிறேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

சாயங்காலம் வீட்டில் அடுக்களையைக் கொஞ்சம் மாற்றி அமைத்தேன். அரிசி டப்பா, குக்கர், தோசைக்கல் எல்லாம் கீழ் அலமாரியில் இருந்தன. மேடைக்கு ஏற்றிவிட்டேன். காய் நறுக்க ஒரு உயர ஸ்டூல். குளியலறையில் வாளிக்கு அடியில் மணைப்பலகை வைத்தாயிற்று. பல நாளாகச் செய்ய நினைத்ததுதான்.

என் வீட்டுக்காரர் பள்ளியிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "என்ன வாணி, திடீர்னு?" என்றார்.

"கீழ கரப்பான்பூச்சி வருதுங்க."

அக்டோபர் 9, வியாழன்

பாவாயிக்கு முதல் வகுப்பு.

எங்கள் மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்குப் போகும் முன் நோயாளியை, கூட இருக்கும் ஆள் தனியாக மாற்றிக் காட்ட வேண்டும். நாங்கள் தொடாமல் தள்ளி நிற்போம். அது முடிந்தால்தான் டிஸ்சார்ஜ். 'ஒப்படைப்பு' என்று பெயர். பெரும்பாலும் மனைவிகள், அம்மாக்கள், மருமகள்கள். அதனால் காலை வேளைகளில் ஹால் பெண்களால் நிறைந்திருக்கும்.

அர்த்தநாரியின் இடுப்பில் துணிப் பெல்ட்டைக் கட்டி, முட்டிக்கு முட்டி கொடுத்து, முன்னால் சாய வைத்து நாற்காலிக்கு மாற்றிக் காட்டினேன். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே செய்தேன். முதுகு நேராக இருக்கணும். ஆளை உடம்போடு ஒட்டிப் பிடிக்கணும். இடுப்பைத் திருப்பக் கூடாது, பாதத்தை எடுத்து வைத்துத் திரும்பணும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

"இன்னொருக்கா செஞ்சு காட்டுங்க மேடம்."

காட்டினேன்.

"இன்னும் ஒரே ஒருக்கா."

பாவாயி இமைக்காமல் பார்க்கிறார். கல்யாணத்துக்கு முன்பு தறி ஓட்டினாராம். தறிப் பட்டறையில் யாரும் வாயால் சொல்லித் தர மாட்டார்களாம், இரைச்சலில் கேட்காது. பக்கத்தில் நின்று பார்த்துத்தான் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். இப்படி ஒரு மாணவி கிடைப்பது அபூர்வம் என்று ஃபர்ஸானாவிடம் சொன்னேன். ஃபர்ஸானா எனக்கு அடுத்து இருக்கும் தெரபிஸ்ட். சேர்ந்து இரண்டு வருடமாகிறது. அவள் பாவாயியைப் பார்க்கவில்லை. என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 10, வெள்ளி

மழை. ஈரத்துக்கு இடது கால் மரத்த மாதிரி இருக்கிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

மத்தியானம் வரை படுத்தே கிடந்தேன். அவர் தோசை வார்த்துக் கொடுத்தார். ஓரமெல்லாம் பிய்ந்திருந்தது, சாப்பிட்டேன்.

"நீ ஏன் இப்பெல்லாம் கட்டில்ல இருந்து உருண்டு எந்திரிக்கற?" என்று கேட்டார்.

"அதுதான் சரியான முறை. பேஷண்டுக்கெல்லாம் அப்படித்தான் சொல்லித் தர்றோம்."

"இருபது வருசமா நேரா எந்திரிச்சிட்டுதான இருந்த?"

"இருபது வருசமா தப்பா எந்திரிச்சேன்."

கணக்கு வாத்தியார். பதிலில் இடிப்பது எங்கே என்று தெரிந்துவிடும். ஆனாலும் மேலே கேட்க மாட்டார். பேப்பர் திருத்தப் போய்விட்டார்.

ரோஸ்லின் அக்காவின் நினைவு வந்தது. நான் மையத்தில் சேர்ந்தபோது அவர்தான் மூத்தவர். நோயாளிகளின் கையைப் பிடித்துப் பயிற்சி கொடுத்துக் கொடுத்தே இரண்டு கட்டை விரலும் மூட்டில் போய்விட்டன. பேனா பிடிக்க முடியவில்லை. எங்கள் பெரிய டாக்டர் ஜெபகுமார் நல்ல மனிதர். வேலையை விட்டு அனுப்பவில்லை. ஹாலுக்கு வெளியே ஒரு மேசை போட்டு, வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் வேலை கொடுத்தார். மேசையிலிருந்து கண்ணாடிக் கதவு வழியாக ஹால் முழுவதும் தெரியும். அக்கா அங்கிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அடுத்த வருடம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். பிறகு அந்த மேசைக்கு யாரும் வரவில்லை. மேசை மட்டும் இருக்கிறது.

என்னால் அந்த மேசைக்குப் போக முடியாது. இதை எங்காவது எழுதி வைக்க வேண்டும் போலிருந்தது.

அக்டோபர் 14, செவ்வாய்

ஃபர்ஸானாவிடம் கோபப்பட்டேன். தேவையில்லாத கோபம்.

மருந்து அறையில் இருவர் மட்டும் இருந்தோம். "மேம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க இடது செருப்பு மட்டும் முன்னாடி தேஞ்சிருக்கு. குதிகால் புதுசாவே இருக்கு," என்றாள்.

"அதுக்கு?"

"நீங்க குதிகால ஊனறதே இல்ல. எப்ப இருந்து?"

"உனக்கு இன்னிக்குக் கேஸ் ஷீட் எழுதற வேலை எதும் இல்லையா?"

"ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாத்துரலாம் மேம். அர்த்தநாரி அண்ணனை நான் பாத்துக்கறேன். ரொம்ப வெயிட்டு."

"நாப்பத்தஞ்சு கிலோ இருக்கற நீ அவரத் தூக்கப் போறியா? நான் இந்த வேலைக்கு வந்தப்ப நீ எல்.கே.ஜி. படிச்சிருப்ப."

அவள் முகம் சுருங்கிவிட்டது. "சரிங்க மேம்" என்று போய்விட்டாள். நான் வலி மாத்திரை ஒன்றை எடுத்துத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினேன். தலைவலிக்கும் அதே மாத்திரைதான்.

அக்டோபர் 16, வியாழன்

பாவாயியின் ஒப்படைப்பு இன்று.

ஹாலில் மற்ற பெண்களும் சுற்றி நின்றார்கள். மகனுக்காக வந்திருக்கும் பவானி அம்மா, மாமனாரைப் பார்த்துக்கொள்ளும் கோபி மருமகள், இன்னும் இரண்டு பேர்; எல்லாரையும் ஊர்ப் பெயரால்தான் அடையாளம் சொல்வோம். அர்த்தநாரி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, "எம்மேல பந்தயம் எதாச்சும் கட்டிருக்கறீங்களா?" என்றார்.

"பேசாம இருங்க மாமா, எண்ணிக்கை மறந்துரும்," என்று அதட்டிவிட்டு பாவாயி பெல்ட்டைப் பிடித்தார். தூக்குவதற்கு முன் 'ஸ்' என்று சின்னதாக ஒரு மூச்சு இழுத்துக்கொண்டார். வலது கையை ஒரு கணம் இடுப்பில் வைத்து எடுத்தார். நிதானப்படுத்திக்கொள்கிறார், நல்ல பழக்கம் என்று நினைத்தேன். பிறகு நான் அர்த்தநாரியின் இடது முட்டியை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மடிந்தால் ஆள் விழுந்துவிடுவார். மடியவில்லை. நாற்காலியில் போய் நன்றாக உட்கார்ந்துவிட்டார்.

பெண்கள் கை தட்டினார்கள். ஃபர்ஸானா, "மேம், இன்னொரு தடவை செய்யச் சொல்லலாமா? அவங்க நிக்கறது..." என்று ஆரம்பித்தாள்.

"போதும். நல்லா செஞ்சாங்க," என்றேன். இன்னொரு முறை என்றால் நான் முதலில் செய்து காட்ட வேண்டியிருக்கும்.

அக்டோபர் 18, சனி

அர்த்தநாரி வீட்டுக்குப் போனார். போகும்போது பாவாயி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முந்தின நாள் வராந்தாவில் மற்ற பெண்களுக்கெல்லாம் அவரே சொல்லிக்கொடுத்தாராம். "பாவாயக்கா உங்கள மாதிரியே சொல்லித் தர்றாங்க மேடம், பயமா இல்ல," என்றாள் கோபி மருமகள். பெருமையாக இருந்தது.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளிக்க மணையில் உட்காரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தேன். கோலத்தைப் பக்கத்து வீட்டுப் பெண் தன் வாசலோடு சேர்த்து எங்கள் வாசலுக்கும் போட்டுவிட்டாள்; நான் கேட்கவில்லை. எப்படித் தெரிந்தது என்று புரியவில்லை. அவர் சுட்ட வடையில் ஓட்டை விழவேயில்லை, போண்டாவாகிவிட்டது. சிரித்தபோது இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் கம்பியை இழுத்த மாதிரி ஓடியது. சிரிப்பதை நிறுத்திவிட்டேன்.

அக்டோபர் 22, புதன்

விடுப்பு. எழுத ஒன்றும் இல்லை.

அக்டோபர் 24, வெள்ளி

பத்து மணிக்கு ஒரு வேன் வந்து நின்றது. முன் கதவு வழியாகப் பாவாயியின் கொழுந்தனார் இறங்கினார். பின்னால் அர்த்தநாரி. அவருக்குப் பக்கத்தில், சீட்டில் ஒருக்களித்துப் படுத்தபடி பாவாயி.

தீபாவளிக்கு மறுநாள் காலையில் கழிப்பறைக்கு மாற்றும்போது முதுகில் சட்டென்று ஏதோ பிடித்திருக்கிறது. கையை விட்டிருந்தால் அவர் விழுந்திருப்பார். விடாமல் அவரோடு சேர்ந்து தரையில் சரிந்து உட்கார்ந்துவிட்டாராம். அவருக்கு ஒரு சிராய்ப்பும் இல்லை. பாவாயியால் நிமிர முடியவில்லை. பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, எலும்பு, டிஸ்க் எல்லாம் சரியாக இருக்கிறது, தசைப் பிடிப்புதான், மூன்று நான்கு வாரம் எதையும் தூக்கக் கூடாது என்றார்.

கொழுந்தனார் என்னிடம் வந்தார். கோபமாகப் பேசவில்லை, அதுவே கஷ்டமாக இருந்தது. "நாந்தான் முதல்லயே சொன்னனுங்களே மேடம். அண்ணிக்கு உடம்புல என்ன இருக்குது? இனி சேலந்தான். முதல் தேதிக்கு மேல எடம் காலியாவுதுன்னு சொல்லியிருக்கறாங்க. அதுவரைக்கும் ரெண்டு பேரும் இங்கயே இருக்கட்டும்."

அர்த்தநாரி வலது கையால் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

பாவாயி கட்டிலில் படுத்தபடி என்னைக் கூப்பிட்டார். "எதுல மேடம் தப்புப் பண்ணுனேன்? உங்கள மாதிரியேதானுங்க தூக்குனேன். ஒண்ணு விடல."

தரை ஈரமாக இருந்திருக்கும், கழிப்பறையில் இடம் குறுகலாக இருந்திருக்கும் என்று ஏதேதோ சொன்னேன்.

அக்டோபர் 25, சனி

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

காலையில் ஹாலுக்குச் சற்றுத் தாமதமாகப் போனேன். உள்ளே நுழையாமல் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, அந்தப் பழைய மேசையருகே நின்றேன். கால் கொஞ்சம் அடங்கட்டும் என்று. உள்ளே ஃபர்ஸானா பெண்களுக்கு முதல் சுற்றை ஆரம்பித்திருந்தாள். வரிசையாகக் கட்டில்கள், வரிசையாக நாற்காலிகள். கதவு மூடியிருந்ததால் சத்தம் கேட்கவில்லை.

பவானி அம்மா மகனின் பெல்ட்டைப் பிடித்தார். இடது குதிகால் மேலே எழும்பியது. வலது கை ஒரு கணம் இடுப்புக்குப் போய் வந்தது. பல்லைக் கடித்து ஒரு மூச்சு. பாதத்தை எடுத்து வைக்காமல் இடுப்பை முறுக்கி மகனை நாற்காலிக்குத் திருப்பினார்.

அடுத்த கட்டிலில் கோபி மருமகள். இடது குதிகால். வலது கை. மூச்சு. முறுக்கு.

அதற்கடுத்த பெண். அதற்கடுத்த பெண்.

எல்லாரும் ஒரே மாதிரி. நல்ல உடம்போடு இருக்கும் நான்கு பெண்கள் முதுகு உடைந்த ஒருத்தியைப் போலத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். சத்தம் இல்லாமல் பார்த்ததால்தானோ என்னவோ, அந்த ஒருத்தி யார் என்று உடனே தெரிந்துவிட்டது.

நேராகப் பாவாயியிடம் போனேன்.

"தூக்கறப்ப இடது குதிகாலைத் தூக்கச் சொல்லி நான் சொன்னேனா?"

"வாயில சொல்லலீங்க. ஆனா நீங்க எப்பவும் அப்பிடித்தான தூக்கறீங்க? நான் நல்லாப் பாத்தனுங்களே."

"இடுப்பைத் திருப்பக் கூடாதுன்னு சொன்னேனே?"

"சொன்னீங்க." கொஞ்சம் தயங்கினார். "அது படிப்புல இருக்கறது போலன்னு நெனச்சேன். கை செய்யறதுதானுங்க வேலை. எங்க பட்டறையிலயும் மேஸ்திரி சொல்றது ஒண்ணு, செய்யறது ஒண்ணாத்தான் இருக்கும். செய்யறதப் பாத்தாத்தான் துணி வரும்."

"அந்த 'ஸ்'?"

"மூச்சுப் புடிக்கறதுதானுங்களே? வெயிட்டுத் தூக்கறதுக்கு."

"இல்ல பாவாயி. அது எனக்கு வலிக்கறது."

அவர் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "அப்ப அந்தக் கைய இடுப்புல வெக்கறது?" என்று மட்டும் கேட்டார்.

"அதுவும்தான்."

"நான் அதயுமில்ல மத்தவிகளுக்குச் சொல்லிக் குடுத்தேன்," என்றார்.

அக்டோபர் 26, ஞாயிறு

வீட்டில் அவரிடம் சொன்னேன். போன மார்ச்சில் ஒருவர் கழிப்பறையில் சரிந்தபோது தாங்கிப் பிடித்தது, அன்று இடுப்பில் 'டக்' என்றது, பிறகு மெல்ல மெல்லக் காலுக்கு இறங்கியது, இப்போது இடது கால் சுண்டு விரலில் உணர்ச்சியே இல்லாதது, எல்லாவற்றையும்.

"தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"அடுக்களையில எங்கயும் கரப்பான்பூச்சி இல்ல. நான் தேடிப் பாத்தேன்."

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டா நீ இன்னும் நல்லா மறைச்சிருப்ப."

சாயங்காலம் அவரே ஸ்கேன் எடுக்கும் இடத்துக்கு ஃபோன் செய்து புதன்கிழமைக்கு நேரம் வாங்கினார். படுக்கைக்குப் போகும் முன், "வேலையே போனாலும் பரவால்ல," என்றார். எனக்குப் பரவாயில்லை என்று இல்லை. அது அவருக்குப் புரியாது என்று எழுத வந்தேன். புரிந்துதான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 27, திங்கள்

டாக்டர் ஜெபகுமாரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி துடைத்தார். "இத்தனை மாசமா எனக்குத் தெரியலங்கறதுதான் எனக்கு அசிங்கமா இருக்கு," என்றார். இன்றிலிருந்து யாரையும் தூக்கக் கூடாது. ஸ்கேன் வந்த பிறகு மற்றதைப் பேசலாம்.

"மேசையா சார்?"

"இன்னும் யோசிக்கல," என்றார். நேர்மையான மனிதர். இல்லை என்று சொல்லவில்லை.

பிறகு ஹாலுக்குப் போய்ப் பெண்களை உட்கார வைத்துச் சொன்னேன். "எனக்கு முதுகு கெட்டுப்போயிருக்கு. அதனாலதான் நான் அப்படித் தூக்கினேன். நீங்க கத்துக்கிட்டது முறை இல்ல, என் வலி. எல்லாத்தையும் மறந்துட்டு முதல்ல இருந்து பழகணும். தப்பு என்மேல."

பவானி அம்மாதான் கடைசியில், "எனக்கு ரெண்டு நாளா இடுப்பு நோவுதுங்க. வயசாயிருச்சாட்ட இருக்குதுன்னு இருந்தேன்," என்றார்.

அக்டோபர் 28, செவ்வாய்

ஃபர்ஸானா செய்து காட்டுகிறாள், நான் சொல்கிறேன். அவள் பாதத்தை எடுத்து வைக்கும்போது நானும் மனதுக்குள் வைக்கிறேன். நின்றபடி எதையும் செய்யாமல் இருப்பதற்கு இவ்வளவு களைப்பு வரும் என்று தெரியாது.

அக்டோபர் 29, புதன்

ஸ்கேன் எடுத்தாயிற்று. முதுகெலும்பின் அடியில், எல்-ஃபைவ், எஸ்-ஒன். டிஸ்க் நரம்பை அழுத்துகிறது. ஆபரேஷன் உடனே வேண்டாம், ஆனால் ஆள் தூக்கும் வேலை இனி வேண்டவே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் டீ குடித்தோம். சர்க்கரை அதிகம்.

அக்டோபர் 31, வெள்ளி

நாளை மறுநாள் சேலத்திலிருந்து அர்த்தநாரியை அழைத்துப் போக வருகிறார்கள். பாவாயி எழுந்து நடமாடுகிறார், ஆனால் தூக்க முடியாது. ஃபர்ஸானாவால் அவரைத் தனியாகத் தூக்க முடியாது. என்னால் இனி முடியாது. மூன்று பெண்களும் அவர் கட்டிலைச் சுற்றி நின்றோம்.

"என்ன, எல்லாருமா சேந்து மொறைக்கறீங்க?" என்றார் அர்த்தநாரி.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. அவர் இங்கே வந்த நாளிலிருந்து, தூக்குவதற்கு நான் இருந்தேன். பிறகு பாவாயி இருந்தார். 'முன்னால் சாயுங்க' என்று சொல்லிவிட்டு, அவர் சாய்வதற்குள் நாங்களே இழுத்து எழுப்பிவிட்டோம். அவருடைய வலது கால் எவ்வளவு தாங்கும் என்று நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. எனக்கு நேரமில்லை. வலிக்கும் முன்பே முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு.

வழுக்குப் பலகை ஒன்றை எடுத்துவரச் சொன்னேன். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே பாலம் மாதிரிப் போடும் வழுவழுப்பான பலகை. நாற்காலியின் பக்கவாட்டுக் கையைக் கழற்றினோம். ஃபர்ஸானா அவருடைய இடது முட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். பாவாயி பின்னால், பெல்ட்டில் கை மட்டும் வைத்து. நான் எதிரே.

"நாங்க யாரும் தூக்கப் போறதில்லைங்க. நீங்களேதான் போகணும்."

"நானா? வெளையாடறீங்களா மேடம்?"

"முன்னால சாயுங்க. இன்னும். மூக்கு முட்டிக்கு மேல வரணும். இப்ப வலது காலை ஊனித் தள்ளுங்க."

ஒன்றும் நடக்கவில்லை. முகம் சிவந்தது. என் கைகள் தாமாகவே முன்னே போயின. ஃபர்ஸானா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"ஆவலீங்க."

"அவசரமில்ல. மறுபடி."

"வுடுங்க மேடம், நான் சேலத்துக்கே போறேன்."

"போறதா இருந்தாலும் வேனுல ஏறோணும் மாமா. தள்ளுங்க," என்றார் பாவாயி.

அர்த்தநாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே முன்னால் சாய்ந்தார், உண்மையாகவே சாய்ந்தார், இடுப்பு ஒரு விரற்கடை மேலே எழும்பிப் பலகையில் நகர்ந்தது. மூச்சு வாங்கினார். மறுபடி சாய்ந்தார். மறுபடி ஒரு விரற்கடை. ஹாலில் மற்றவர்கள் தங்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். நான் செய்திருந்தால் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்திருக்கும். சமையலறையிலிருந்து மதியச் சாப்பாட்டு வண்டி வரும் சத்தம் கேட்டபோதுதான் அவர் நாற்காலியில் முழுவதுமாக உட்கார்ந்தார். சட்டை நனைந்துவிட்டது. பாவாயி பெல்ட்டிலிருந்து கையை எடுத்து, தன் கையையே பார்த்தார்.

"நான் புடிக்கவே இல்லீங்க மேடம். சும்மா தொட்டுட்டு மட்டுந்தான் இருந்தேன்."

"தெரியும். பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்."

கொழுந்தனாருக்கு ஃபர்ஸானா ஃபோன் செய்தாள். அவர் நம்பவில்லை. நாளைக்கு வந்து தன் கண்ணால் பார்க்கிறாராம். நாளைக்கும் அர்த்தநாரி செய்வாரா என்று எனக்குத் தெரியாது. நாலைந்து வாரம் தினமும் பழகினால் செய்வார். அதைச் சொல்ல எனக்கு இன்னும் தெரியும்.

"மேடம், நீங்க உக்காருங்க. மொகமே சரியில்ல," என்றார் அர்த்தநாரி. பவானி அம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஹாலில் நான் உட்கார்ந்து பல மாதமாகிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருப்பதை எல்லாரும் பார்ப்பார்கள். உட்கார்ந்தேன். சாப்பாட்டு வண்டி ஒவ்வொருவராகக் கடந்து வந்தது. தட்டுகள் வைக்கப்பட்டன. சாம்பார் வாசனை. அர்த்தநாரி வலது கையால் தானாகவே பிசைந்து சாப்பிட்டார்.

பிறகு எழுந்திருக்க வேண்டி வந்தது. ஃபர்ஸானா வந்து பக்கத்தில் நின்றாள். கையை நீட்டினாள், இழுக்கவில்லை. நான் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தேன். இரண்டு பாதங்களையும் தரையில் வைத்தேன், இடது குதிகாலையும். முன்னால் சாய்ந்தேன். நான்கு பெண்களும் பாவாயியும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வலித்தது. 'வலிக்குது' என்று சொன்னேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் நன்றாகப் பார்க்கட்டும் என்று, மெதுவாக எழுந்தேன்.